கார்டு பாயின்ட்டை எப்போது மைலாக மாற்றலாம்? டர்பன் – சென்னை பயணத்தை வைத்து ஒரு கணக்கு

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சென்னை போக டிக்கெட் பார்த்தபோது போட்ட கணக்கு இது. வங்கிக் கார்டும், அதில் செலவழித்ததற்கு வங்கி தந்த பாயின்ட்டும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மைல் என்பது விமான நிறுவனத்தின் பாயின்ட், அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்.

முதலில், பாயின்ட்டின் ரேண்ட் மதிப்பு. எஃப்என்பி வங்கியின் ஈபக்ஸில் 10 பாயின்ட் 1 ரேண்ட். டிஸ்கவரி வங்கியின் டிஸ்கவரி மைல்ஸிலும் அதே கணக்குதான். பெயரைப் பார்த்து அதை விமான மைல் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற கார்டுகளுக்கு வங்கி ஆப்பில் பாருங்கள். எந்த விமான நிறுவனத்துக்கு, என்ன விகிதத்தில் மாற்றலாம் என்பதும் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, சீட். பாயின்ட்டை மாற்றிய பிறகு சீட் தேடுவது தலைகீழ் வேலை. மைலில் தரும் சீட்டுகள் கொஞ்சம்தான். டிசம்பரில் இன்னும் குறைவு. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து துபாய் வழியாகச் சென்னை போக எமிரேட்ஸ் தளத்தில் மைல் கால்குலேட்டர் இருக்கிறது. அது எத்தனை மைல் ஆகும் என்றுதான் சொல்லும், அந்தத் தேதியில் சீட் இருக்கிறதா என்று சொல்லாது. எமிரேட்ஸின் மைல் திட்டமான ஸ்கைவார்ட்ஸில் உறுப்பினராவது இலவசம், லாகின் செய்து, உண்மையாகவே டிக்கெட் எடுப்பதுபோலக் கட்டணப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அங்கேதான் வரியும் விமான நிறுவனம் தன் பங்குக்குப் போடும் கட்டணமும் தெரியும். மற்ற தேடல் ஆப்கள் எனக்குப் பிடிப்பதில்லை, போன சீட்டையும் இருப்பதாகக் காட்டும்.

மூன்றாவது, கழித்தல். ஒரு பேச்சுக்கு, டிக்கெட் 14,000 ரேண்ட். மைலில் எடுத்தால் 60,000 மைலும் 5,000 ரேண்ட் வரியும். கையிலிருந்து மிச்சமாவது 9,000 ரேண்ட். அந்த மைலுக்கு 1,20,000 பாயின்ட் வேண்டும் என்றால், பத்துக்கு ஒன்று கணக்கில் அதுவே 12,000 ரேண்ட்! 9,000 மிச்சப்படுத்த 12,000 மதிப்பைக் கொடுப்பதா? மாற்றவே கூடாது. பிசினஸ் வகுப்பில் கணக்கு பெரும்பாலும் நல்லபடியாக வரும். ஆனால் அந்த டிக்கெட்டைக் கைக்காசு கொடுத்து வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் அதன் முழு விலையை லாபத்தில் சேர்க்காதீர்கள்.

சரி, கணக்கு ஒத்துவந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், தேவையான அளவு மட்டும். மாற்றியது திரும்பாது. மைலுக்குக் காலாவதியும் உண்டு: ஸ்கைவார்ட்ஸில் 3 வருடம், அதுவும் உங்கள் பிறந்த மாதக் கடைசியில் முடியும். மாற்றும் முன் பெயரைச் சரிபாருங்கள். வங்கியில் கணவர் வீட்டுப் பெயரான நாயுடுவும் பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயரான கோவெண்டரும் இருந்தால் மாற்றம் நின்றுவிடலாம்.

பின்சேர்ப்பு: டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு அக்கா, "சீட் இருந்ததே, நாலு பேருக்குப் போட்டதும் காணோமே" என்று கேட்டிருந்தார். ஒருவருக்குத் தேடினால் ஒரு சீட் இருந்தாலும் காட்டும். தொடக்கத்திலேயே நாலு என்று போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு பேருக்கு மைலிலும் இரண்டு பேருக்குக் காசிலும் எடுக்கலாம். அவை தனித்தனி புக்கிங் என்பதால் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று பிரித்துப் போடுங்கள். அப்புறம் விமான நிறுவனத்தை அழைத்து இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள்.