காவலர் கைது செய்ய வந்தால் கவனிக்க வேண்டியவை

வீட்டு வாசலில் காவலர் வந்து நின்றால் பதறாமல், எதற்காகக் கைது என்று கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி அதைத் தெரிவிப்பது அவர் கடமை.

கைது செய்த நேரத்தைக் குறித்துக் காவலர் எழுதும் கைதுக் குறிப்பாணைதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதில் குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும், நீங்களும் கையொப்பமிட வேண்டும். காலை ஆறு மணிக்கு அழைத்துச் சென்றுவிட்டு மாலை நான்கு என்று எழுதியிருந்தால், திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் அதைக் குற்றவியல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) சொல்லுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி மீறப்பட்டதா என்று பார்க்க அந்த நேரமே பிடிமானம். வீட்டில் இருப்பவர்களும் அதைக் குறித்துவைப்பது நல்லது.

விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க இயலாது. உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லும்படி எவரும் கட்டாயப்படுத்த முடியாது. பெண்களைச் சூரியன் மறைந்தபின் கைது செய்ய, விதிவிலக்கான சூழலும், பெண் அதிகாரி எழுத்து மூலம் பெற்ற நடுவரின் முன் அனுமதியும் வேண்டும்.

அடிபட்டிருந்தால், யார் மிரட்டியிருந்தாலும், நடுவர் கேட்கும் வரை காத்திராமல் காயத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.