உடல் பருமனும் கர்ப்பமும்: சேலத்து வீடுகளில் நாம் செய்யும் தவறுகள்

அம்மாப்பேட்டையில் இருக்கும் என் தங்கை ஐந்தாம் மாதச் செக்கப்புக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எடை மிஷின்ல ஏறினா வரிசைக்கே கேக்கற மாதிரி நம்பரைக் கத்திச் சொல்றாங்கக்கா" என்றாள். தவறுகளில் முதலாவது இதுதான் என்பேன். கூசிப்போனவள் அடுத்த முறை வரமாட்டாள். பார்க்காமல் விட்ட மாதத்தில் சர்க்கரையும் பிரஷரும் சத்தமில்லாமல் ஏறியிருக்கும்.

பருமனான உடம்பில் கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காலில் ரத்தம் உறைவது, சிசேரியன், குழந்தை அளவுக்கு மீறி வளர்வது எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுதல். முன்பே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதற்குத்தான் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று கணக்கு. குமட்டுகிறது என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரஷர் பார்க்கும் பட்டையையும் கவனியுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால், உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். "பெரிய பட்டை இருக்கா சிஸ்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகம் வீங்குவது இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் 108-ஐக் கூப்பிட வேண்டும். கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

சரி, சாப்பாடு. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று மாமியார் தட்டை நிரப்புவார். நாலாம் மாதத்திலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரிதான். இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், முடிந்தது. குளிர்ச்சி என்று தரும் ஜவ்வரிசிக் கஞ்சி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. தட்டுவடை செட் ஆசைக்கு ஒன்று போதும், சாயங்காலம்தோறும் வேண்டாம்.

இதற்கு நேரெதிர்த் தவறு, பயந்துபோய்ப் பட்டினி கிடப்பது. கர்ப்பத்தில் உடம்பை இளைக்க வைக்கப் பார்க்கக் கூடாது. பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 30-ஐத் தாண்டியவர்களுக்கும் மொத்தத்தில் 5 முதல் 9 கிலோ ஏறலாம் என்பது 2009-இல் அமெரிக்காவில் வகுத்த அளவு. நம் ஊரில் 25-லேயே பருமன் என்கிறார்கள்; அதனால் உங்கள் அளவை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கையும் பட்டினி கிடந்தாள். வளைகாப்பில் ரெண்டு பத்து சைஸ் வளையல் மணிக்கட்டைத் தாண்டவில்லை. "ரெட்டைப் புள்ளையா?" என்று யாரோ கேட்க, கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை, மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. பருமனான கர்ப்பிணிகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகவே காணப்படுகின்றன. அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரம் நீடித்தால், "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அட்டையில் எழுதி, மடித்து, அவள் கையில் கொடுத்தார்.