கைப்பம்புக்குப் பணம் தரும் முன்

எங்கள் தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை குடிநீர்ப் பணிக்குப் பணம் அனுப்புகிறோம். முதல் தடவை பெயர்ப்பலகையோடு பம்பின் படம் வந்தது. பூரித்துப் போனோம். எட்டே மாதத்தில் வாஷர் தேய்ந்து பம்பு நின்றது. மாற்ற ஆளில்லை.

அதனால் முதலில் கேளுங்கள்: ரிப்பேர் யார் பொறுப்பு? இந்தியா மார்க் 2 என்ற கைப்பம்பு வகையில் வாஷர் மாற்ற, உள்ளே இறக்கிய குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். நாலு பேர், கருவிகள் எல்லாம் தேவை. மார்க் 3 வகையில் குழாயைக் கழற்றாமலே வாஷர் உள்ள பிஸ்டனை வெளியே எடுக்கலாம். ஊரில் பழகிய மெக்கானிக்கும் மாதச் சந்தா வாங்கும் குழுவும் உண்டா என்று பாருங்கள். போட்டோவை விட இதுதான் முக்கியம்.

அடுத்து, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. வயிற்றுப்போக்கைத் தடுக்க வங்கதேசத்தில் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1993-இல் அங்கே நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பது தெரிந்தது. அப்புறம் சோதித்து, ஆபத்தான பம்புக்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெளிவாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஆர்சனிக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறமோ ருசியோ கிடையாது.

பணம் கழிப்பறை கட்ட என்றால், இரட்டைக் குழியா என்று கேளுங்கள். ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டால், முதல் குழி மட்கி எருவாகும்.

சரி, ரசீது? நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.