பர்மா புத்தகங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் யாராவது பர்மா (இன்றைய மியான்மர்) வரலாறு ஒன்றை வாங்கினால், முதலில் கை போவது கடைசிப் பக்கங்களுக்குத்தான். அங்கே போய் வட்டிக்கடை நடத்திய நம் 'செட்டியார்' சொல்லடைவில் எங்கே வருகிறார் என்று தேடுவார்கள். அந்த நாலு பக்கத்தைப் படித்துவிட்டுப் பெருமைப்படுவார்கள், இல்லையென்றால் கோபப்படுவார்கள். அதோடு புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். நானும் பல வருஷம் இப்படித்தான் படித்தேன். முகப்பில் நிற்கிற தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது, ஆச்சி சாமான் போட்டுவைத்த மரவையும் அங்கிருந்து வந்ததுதான். அந்த நாட்டில் யார் யார் வாழ்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் 'பர்மாக்காரர்' என்ற ஒரே சொல்தான் நமக்கு வருகிறது.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டுப் பழைய பேரேடு ஒன்றில் கடன் வாங்கியவர்களின் பெயர்கள் மாங், கோ, மா என்றே தொடங்கும். சின்ன வயதில் 'மாங்' என்பது நம் பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகள் மாதிரி ஏதோ பெரிய குடும்பப் பெயர் என்று நினைத்தேன். பர்மியருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. மாங் என்பது இளைஞருக்கு, கோ என்பது சம வயதினருக்கு, ஊ என்பது மூத்தவருக்கு. பெண்களுக்கு மா, மூத்தவர் என்றால் டோ. முன்னாள் பிரதமர் ஊ நூவின் பெயர் வெறும் 'நூ'தான். பேரேட்டில் ஒரு பக்கத்தில் மாங்காக இருந்தவர் பத்து வருஷம் கழித்து கோ ஆகியிருப்பார். நாம் இரண்டு ஆள் என்று எண்ணிவிடுவோம். அந்த நாட்டின் வேறு இனத்தவரான கரேன் ஆண்களின் பெயருக்கு முன்னால் 'சோ' வரும், ஷான் இன அரச குடும்பத்தாருக்கு 'சாவ்'. இதைக் கவனிக்காமல் படித்தால், 1948இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான சாவ் ஷ்வே தைக் ஒரு ஷான் குறுநில மன்னர் என்பது கண்ணில் படாமலே போகும். அவரையும் 'பர்மாக்காரர்' கணக்கில் சேர்த்துவிடுவோம்.

அப்புறம் நிலக் கணக்கு. இதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. 'பர்மாவில் கால்வாசி நிலம் நம்மிடம் இருந்தது' என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அதே கால்வாசியை அங்கே கோபத்தோடு எழுதுவார்கள். அந்தக் கணக்கு நாடு முழுவதற்குமானது கிடையாது. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களின் சாகுபடி நிலத்துக்கு மட்டுமானது. அதில் செட்டியார்களின் பங்கு 1930இல் 6 சதவீதம், 1937இல் ஏறக்குறைய 25 சதவீதம். ஏழு வருஷத்தில் இப்படி ஏறியதற்குக் காரணம் நெல் விலை. உலகப் பொருளாதார மந்தத்தில் விலை விழுந்ததும் விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, அடமான நிலம் செட்டியாரின் வட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. 'கொண்டு விற்க', அதாவது தொழில் செய்யக் கடல் தாண்டிப் போன நம்மவர்களுக்கு வேண்டியிருந்தது ரொக்கம். நிலத்தில் முடங்கிய பணம் அவர்களுக்கு நஷ்டம்தான். 1948இல் நிலம் தேசியமயமானபோது அது நிரந்தரமாகவே போனது. சரி, இதைச் சொல்லி நம் பக்க நியாயத்தை நிறுத்திவிட்டால் அதுவும் தவறான வாசிப்பு. பரம்பரையாகவோ காட்டை அழித்தோ உழுத வயலில் அந்த விவசாயி குத்தகைக்காரராக நின்றார். 1930 டிசம்பரில் கீழ்ப் பர்மாவின் தாராவதியில் சாயா சான் தலைமையில் வெடித்த விவசாயிகள் கிளர்ச்சியைப் படிக்கும்போது இந்த வயலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வருஷத்துப் புத்தகம் என்று பார்ப்பது சின்ன விஷயம், ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்கு முந்தைய நூலில் 'இந்தியாவில்' என்றால் பர்மாவும் உள்ளே இருக்கலாம்.

அரசுப் பட்டியலில் உள்ள 135 இனங்கள் என்ற எண்ணைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. அதில் சின் மக்களுக்கு மட்டும் 53 பிரிவுகள், மொன் மக்களுக்கு ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் வட்டார வழக்கையெல்லாம் தனித்தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள், இன்னோரிடத்தில் எல்லாரையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் குடிக்கணக்கு ஆட்களை முக்கியமாகத் தாய்மொழியை வைத்துப் பிரித்தது. ஒரே மலைக்கிராமத்தில் இரண்டு மூன்று மொழி பேசுபவர்களை அது என்ன செய்யும்? அங்கேயே தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் அந்த 135இல் இல்லை. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பட்டியலில் இருப்பதும் இல்லாததும் ஒரு மனிதரின் அடையாள அட்டையையே தீர்மானிக்கிறது.

விடுதலைக்கு முன் பர்மாவோடு இணைந்து நிற்க மலை இனத்தவர் சம்மதித்த பாங்லோங் ஒப்பந்தத்தைப் பற்றி, 'எல்லா இனங்களும் சேர்ந்து கையெழுத்திட்டன' என்று எழுதியிருந்தால் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 1947 பிப்ரவரி 12இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு கையெழுத்திட்டவர்கள் ஷான், கச்சின், சின் பிரதிநிதிகள்தான். கரேன் மக்கள் பார்வையாளர்களாக மட்டும் வந்தார்கள். மொன், ரக்கைன் மக்கள் சார்பில் கையெழுத்தே இல்லை.

கரேன் ஏன் சேரவில்லை என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை. 1942 என்றால் நம் வீடுகளில் ஒரே கதைதான்: ஜப்பான்காரன் குண்டு போட்டான், சனங்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள், வழியில் பலர் செத்தார்கள். அந்தக் கதை கேட்டு வளர்ந்ததால், எந்தப் புத்தகத்திலும் 1942 வந்தவுடன் நம் ஆட்களை மட்டுமே தேடினேன். அதே வருஷம், நம்மவர்கள் கடை வைத்திருந்த ஐராவதி டெல்டாவில், மியாங்மியா பக்கம், ஜப்பானோடு சேர்ந்து வந்த பர்மிய சுதந்திரப் படையின் கையில் கரேன் கிராமத்தார் கொல்லப்பட்டார்கள். 1949 ஜனவரியில் தொடங்கிய கரேன் போராட்டத்தை விளக்கும் நூல்கள் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வருகின்றன. வீட்டுப் பேரேட்டை மறுபடி எடுத்து, 'சோ' என்று தொடங்கும் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.