'கெட்' எத்தனை பொருள் தரும்? பின்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் 'கெட்' (get) என்றால் 'பெறு' என்று மனப்பாடம் செய்துவிட்டு வெகுநாள் திண்டாடியிருக்கிறேன். அகராதியில் அதற்குப் பத்தி பத்தியாகப் பொருள் இருக்கும். அதை மூடி வைத்துவிட்டு, 'கெட்'டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பிடிபட்டது. (இறந்தகாலம் 'காட்' என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.)

படி 1: பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது, வாங்குவது, எடுத்து வருவது. 'ஐ காட் எ லெட்டர்': கடிதம் வந்தது. 'கெட் மீ எ சேர்': நாற்காலி எடுத்து வா. இடம் வந்தால் போய்ச் சேர்வது: 'ஐ காட் ஹோம் லேட்.'

படி 2: பண்புச்சொல் வந்தால் மாற்றம். 'ஐ ஆம் ஆங்ரி' என்றால் கோபமாக இருக்கிறேன். 'ஐ காட் ஆங்ரி' என்றால் கோபம் வந்துவிட்டது. 'இட் இஸ் கெட்டிங் டார்க்': இருட்டிக்கொண்டு வருகிறது.

படி 3: இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். அலுவலகத்தில் ஒருமுறை 'ஐ ரிப்பேர்ட் மை லேப்டாப்' என்றேன். "நீங்களே கழற்றிச் சரிசெய்தீர்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார் பக்கத்து மேசைக்காரர். கடையில் கொடுத்துச் செய்தது. தமிழில் 'லேப்டாப்பைச் சரிசெய்துவிட்டேன்' என்றால் யார் செய்தது என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேலை என் கையில் வந்து நின்றுவிடுகிறது. சரியான வாக்கியம், 'ஐ காட் மை லேப்டாப் ரிப்பேர்ட்.' முதலில் 'காட்', நடுவில் பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். முடிவெட்டுக்கும் இதே வரிசைதான்: 'ஐ காட் மை ஹேர் கட்.' 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில்.

நடுவில் ஆள் வந்தால் 'டு' வேண்டும். 'ஐ காட் ஹிம் டு சைன்': எடுத்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தேன். 'மேக்' என்றால் 'டு' கிடையாது. 'ஐ மேட் ஹிம் சைன்' என்பதில் கட்டாயப்படுத்திய வாடையும் அடிக்கும்.

படி 4: மூன்றாம் வடிவம் நேராக ஒட்டிக்கொண்டால் நம்முடைய 'படு'. 'ஹி காட் ஹர்ட்': அடிபட்டான்.

'கெட் அப்', 'கெட் ஓவர்' வகையறாவைப் பட்டியல் போட்டுப் படிக்காதீர்கள், நிற்காது. வாக்கியத்தில் எதிர்ப்படும்போது குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆங்கிலம்-தமிழ் அகராதியைவிட, கற்பவர்களுக்கென்றே எளிய ஆங்கிலத்தில் எழுதிய அகராதிதான் என் தேர்வு. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் அதில்தான் தாராளமாகக் கிடைக்கும்.

பிற்சேர்க்கை: 'கெட்'டின் மூன்றாம் வடிவமாக 'காட்டன்' (gotten) என்பது தவறா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தவறில்லை, அமெரிக்க வழக்கு. அங்கே 'ஐ ஹேவ் காட்டன் எ ஜாப்' என்றால் வேலை கிடைத்திருக்கிறது. 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது. இன்றைய பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டுக்கும் 'காட்'தான்.