வீட்டிலேயே பழைய பாணி மரப்படகு: எந்த டிசைனை எடுப்பது?

கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்த மஹோகனி ரன்அபவுட் (ஏரியில் வேகமாக ஓட்டுகிற சின்ன மோட்டார் படகு) ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் பிளான் வாங்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள். வேகம், அழகு, எத்தனை சீட் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: ஓட்டாத நாட்களில் படகு எங்கே கிடக்கப் போகிறது? தண்ணீரிலா, டிரெய்லரிலா?

இது ஏன் முக்கியம் என்றால், 1920களிலிருந்து 50கள் வரை மிச்சிகனின் அல்கோனாக்கில் கிறிஸ்-கிராஃப்ட் என்ற படகு நிறுவனத்தார் செய்தது போன்ற படகுகளுக்கு அடிப்பகுதி தனித்தனிப் பலகைகளால் ஆனது. பலகை தண்ணீரில் ஊறி உப்பினால்தான் இடுக்குகள் இறுகும். வசந்த காலத்தில் இறக்கியதும் ஒன்றிரண்டு நாள் ஒழுகத்தான் செய்யும், அப்புறம் தானாக நின்றுவிடும். அப்படிப்பட்ட படகை வாரம் முழுக்க டிரெய்லரில் காயப்போட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரியில் இறக்கினால் ஒவ்வொரு ஞாயிறும் ஒழுகும். வீட்டில் கட்டுகிற பெரும்பாலோருக்கு டிரெய்லர்தான் கதி, அதனால் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட், எபாக்ஸி பசை என்று போகிற டிசைன்தான் சரி. "அது அசல் இல்லையே" என்று சிலர் முகம் சுளிப்பார்கள், விடுங்கள். பிளைவுட்டின் மேல் மெல்லிய மஹோகனிப் பட்டைகளை ஒட்டி, டெக்கின் (மேல்தளத்தின்) ஓரப் பலகைகளுக்கு மட்டும் கொஞ்சம் அடர்ந்த நிறம் ஏற்றி, நடுவில் வெள்ளைக் கோடுகள் இழுத்துவிட்டால் கரையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்தது வளைவு. பிளைவுட் ஒரே திசையில்தான் மடங்கும், ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் வளையச் சொன்னால் முரண்டு பிடிக்கும். 1939 வாக்கில் வந்த கிறிஸ்-கிராஃப்ட் 'பேரல்பேக்' படகுகளில் பின்பக்கச் சுவர்கள் மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்ந்து உருண்டிருக்கும், எல்லோரும் மயங்குவது அந்த இடத்தில்தான். அதை வீட்டில் செய்ய வேண்டுமென்றால் 3 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய மரப் பட்டைகளை மூலைவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வர வேண்டும். செய்ய முடியும், ஆனால் ஒவ்வொரு அடுக்குக்கும் அளவெடுத்து, வெட்டி, ஒட்டி, தேய்த்து என்று பல மாதம் இழுக்கும், பொறுமையைச் சோதிக்கிற வேலை. முதல் படகுக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. கலிபோர்னியாவில் 1953இல் தொடங்கிய க்ளென்-எல் என்ற படகு பிளான் நிறுவனத்தின் பட்டியலில் எளிதிலிருந்து கடினம் வரை எல்லாப் படிகளும் இருக்கின்றன. 10 அடி 'ஸ்குவர்ட்' இருக்கிறது, 14 அடிக்குச் சற்று மேல் 'ஜிப்' இருக்கிறது, மேலே போனால் 'பேரல்பேக் 19'. 'ஜிப்' அளவுக்குள் நின்றால் அழகும் கிடைக்கும், படகும் முடியும்.

நீளத்தைத் தீர்மானிப்பதில் கராஜுக்குத்தான் கடைசி ஓட்டு. 20 அடி ஆழமுள்ள கராஜில் 19 அடிப் படகு கட்டினால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? சுற்றிலும் குறைந்தது 3 அடி நடக்க இடம் வேண்டும். அதுவும் போக, இந்தப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுத்தான் கட்டுவார்கள், அடிப்பகுதி முடிந்ததும் ஆள் சேர்த்துப் புரட்ட வேண்டும், அதற்கு உயரமும் வேண்டும். அகலம் 8 அடி 6 அங்குலத்தைத் தாண்டினால் அமெரிக்கச் சாலையில் தனி அனுமதி இல்லாமல் இழுத்துப்போக முடியாது, ஆனால் அதற்கு முன்பே உங்கள் கராஜ் கதவு தடுத்துவிடும். டேப்பை எடுத்துக் கதவை அளந்து பாருங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். பழைய ரன்அபவுட்களின் அடி, முன்னால் கூர்மையாகவும் பின்னால் போகப்போகத் தட்டையாகவும் இருக்கும். அமைதியான ஏரியில் அது சுகமாகச் சறுக்கும், அலை கிளம்பினால் இடுப்பெலும்பைப் பெயர்க்கும். ஆழமான V வடிவ அடி கடலில் எவ்வளவு தாங்கும் என்று உலகம் கவனித்ததே 1960இல், ரே ஹன்ட் வடிவமைத்த 'மாப்பி' என்ற படகு மயாமி–நாசோ கடல் பந்தயத்தை ஜெயித்த பிறகுதான். உங்கள் ஏரி பெரியது, காற்றடித்தால் பொங்கும் என்றால் பழைய பாணி அடியை நினைத்து ஆசைப்படாதீர்கள்.

வேகமே வேண்டாம், சாயங்காலம் குடும்பத்தோடு மெதுவாகப் போனால் போதும் என்கிறீர்களா? அப்படியானால் தண்ணீரின் மேல் சறுக்காமல் அதைக் கிழித்துப் போகிற, 'லாஞ்ச்' என்கிற மெதுவான படகு வகை இருக்கிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு: தண்ணீரைத் தொடும் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் சிரமமில்லாமல் போகக்கூடிய உச்ச வேகம் 'நாட்' (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் வரும். 16 அடிக்கு 5.4 நாட், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான். அதற்கு மேல் எத்தனை குதிரைசக்தி போட்டாலும் படகு பின்பக்கமாக உட்காருமே தவிரப் பெரிதாக ஓடாது. இரண்டுக்கும் நடுவில் ஹாரி பிரையனின் 21 அடி 'ஹேண்டி பில்லி' மாதிரி டிசைன்களும் உண்டு. அதில் அவுட்போர்டு எஞ்சினை (வழக்கமாகப் படகின் பின்னால் வெளியே மாட்டுவது) படகுக்குள்ளேயே ஒரு பெட்டியில் ஒளித்துவிடுவார்கள், வெளியிலிருந்து பார்த்தால் பழைய காலத்துப் படகுதான்.

எஞ்சின் விஷயத்தில்தான் பணம் கரையும். இன்போர்டு, அதாவது படகுக்குள்ளேயே பொருத்துவது என்றால், எஞ்சின் படகின் நடுவில் உட்கார்ந்து நல்ல இடத்தை விழுங்கிவிடும், அந்தக் காலப் படகுகளில் முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி என்று சீட் பிரிந்திருப்பது அதனால்தான். இதில் காயலான் கடைக் கார் எஞ்சினை அப்படியே தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும், அது வெடிக்கக் கார் ஸ்டார்ட்டரின் ஒரே ஒரு பொறி போதும். தீப்பொறி வெளியே வராத மரைன் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஆவியை வெளியேற்றும் புளோயர் எல்லாம் கட்டாயம். அவுட்போர்டு என்றால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி குறையும். ஆனால் மோட்டாரை மாட்டுகிற பின்பலகையின் உயரம் 15 அங்குல ஷாஃப்டுக்கா (மோட்டாரின் கால்) 20 அங்குல ஷாஃப்டுக்கா என்று பிளானில் பார்த்துவிட்டு மோட்டாரை வாங்குங்கள்.

டிசைன் பிடித்தாலும் முழு பிளானை வாங்காமல் முதலில் ஸ்டடி பிளான் (பார்த்து முடிவெடுப்பதற்கான சுருக்கமான பிளான்) வாங்குங்கள், விலை குறைவு. படகின் விலா எலும்பு மாதிரி நிற்கிற மரச் சட்டங்களுக்கு முழு அளவுப் பேட்டர்ன் தருகிறார்களா, இல்லை அளவு அட்டவணை மட்டும்தானா என்று பாருங்கள். அட்டவணை மட்டும் என்றால் முழுப் படகையும் தரையில் நிஜ அளவில் வரைந்துகொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். நல்ல பயிற்சிதான், ஆனால் எல்லோருக்கும் அதற்குப் பொறுமை இருக்காது. 'கொஞ்சம் நீட்டிக்கலாமா' என்ற ஆசை கண்டிப்பாக வரும். சட்டங்களுக்கு இடையிலான தூரத்தைச் சமமாகக் கூட்டி நீளத்தில் 10 சதவீதம் வரை மாற்றலாம் என்று க்ளென்-எல் சொல்கிறது, அகலத்திலும் அடியின் வடிவத்திலும் கை வைக்காதீர்கள்.

முடிவெடுத்து மரம் வாங்க ஆரம்பித்த அன்றே ஒரு கவர் எடுத்து மரம், எஞ்சின், டிரெய்லர் ரசீதுகளையெல்லாம் அதில் போட்டு வையுங்கள். அமெரிக்காவில் வீட்டில் கட்டிய படகுக்கு அடையாள எண்ணை மாநில அரசுதான் தரும், பல மாநிலங்களில் அப்போது ரசீது கேட்பார்கள்.