“நான் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்”: முகம் அறியாமை உள்ளவர்களிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுநாள் கழித்துச் சந்திக்கும் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்பது நம்மில் பலருக்கும் பழகிப்போன விளையாட்டு. கேட்பவருக்கு அது உரிமையும் அன்பும் கலந்த ஒரு கேள்வி. ஆனால் எதிரே நிற்பவருக்கு முகம் அறியாமை என்னும் குறைபாடு இருந்தால், அடுத்த சில நொடிகள் அவருக்குத் தேர்வறையில் உட்கார்ந்திருப்பதைப் போலக் கழிகின்றன. முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே குரலைக் கூர்ந்து கேட்கிறார். உயரம், தலைமுடியின் வெட்டு, மூக்குக்கண்ணாடி, நிற்கும் விதம் என்று ஒவ்வொன்றாகத் துழாவுகிறார். இன்னும் இரண்டு வாக்கியம் பேசவைத்தால் பிடித்துவிடலாமே என்று பேச்சை வளர்க்கிறார். ஒன்றும் பிடிபடாதபோது, “உங்களைத் தெரியாமல் போகுமா?” என்று சிரித்துச் சமாளிக்கிறார். கேட்டவர் மகிழ்ச்சியோடு விடைபெறுகிறார். மற்றவரோ அன்று முழுதும், அது யாராக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குறைபாட்டுக்கு 1947இல் ‘புரோசோபக்னோசியா’ என்று பெயரிட்டவர் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர். முகம், அறியாமை என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அதை உருவாக்கினார். பேச்சுவழக்கில் இதை ‘முகக்குருடு’ என்கிறார்கள். கேட்டவுடன் புரியும் சொல்தான் என்றாலும், கண்ணில் ஏதோ கோளாறு என்ற எண்ணத்தை அது ஏற்படுத்திவிடுவதால், முகம் அறியாமை என்பதே பொருத்தமானது என்று நான் கருதுகிறேன். போடாமர் விவரித்தவர்கள் தலையில் காயம்பட்டு இந்தத் திறனை இழந்தவர்கள். பக்கவாதம், மூளைக்காய்ச்சல் போன்றவற்றாலும் இழப்பு நேரலாம். ஆனால் எந்தக் காயமும் இல்லாமல், முகங்களை அறியும் திறன் தொடக்கத்திலிருந்தே வளராமல் போனவர்கள்தாம் எண்ணிக்கையில் மிகுதி. எந்த அளவுகோலால் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து, இவர்கள் 100க்கு 2 முதல் 3 பேர் வரை இருக்கலாம் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு.

பார்வைக் கோளாறு, மறதி, திமிர்

முதல் தவறு, இதைப் பார்வைக் குறைபாடாக எண்ணிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. இவர்களுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகவே தெரிகின்றன. எதிரே இருப்பவர் சிரிக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா, இளையவரா, முதியவரா என்பதையும் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த உறுப்புகளெல்லாம் சேர்ந்து ‘இவர் இன்னார்’ என்று ஒரே வீச்சில் மனத்தில் பதிவதுதான் நிகழ்வதில்லை. தெரிந்தவர்கள் கூட்டமாக நிற்கும் ஒரு புகைப்படத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்துப் பாருங்கள். எல்லா உறுப்புகளும் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் யார் யாரென்று சொல்வதற்குத் திணறுவோம். அவர்களது அன்றாட அனுபவத்தை ஓரளவு ஊகிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மூளையின் அடிப்பகுதியில், குறிப்பாக வலப்பக்கத்தில், ‘ஃபியூசிஃபார்ம்’ மடிப்பிலுள்ள ஒரு பகுதி முகங்களைக் காணும்போது தனித்துச் செயல்படுவதை மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் அவருடன் பணியாற்றியோரும் 1997இல் விவரித்தனர். அந்தப் பகுதியும் அதனோடு இணைந்த வலையமைப்பும் சரிவர இயங்காதபோது, கண்ணாடி மாற்றுவதால் பயனேதும் இல்லை.

மறதி என்று சொல்வதும் சரியன்று. உங்களுடன் பேசிய பேச்சு, உங்கள் பிள்ளைகளின் பெயர், நீங்கள் வாங்கிய கடன் எல்லாம் அவருக்கு நினைவிருக்கும். அவையெல்லாம் எதிரே நிற்கும் இந்த முகத்துக்கு உரியவை என்பதுதான் தெரியாது. நீங்கள் வாயைத் திறந்து பேசினால், குரலைக் கொண்டே பலரும் கண்டுபிடித்துவிடுவார்கள். (முகம் தெரிகிறது, பெயர்தான் வரவில்லை என்று நாமெல்லோரும் தலையைச் சொறிவது இதற்கு நேர்மாறான சங்கதி.) மனித முகங்களை அறியும் திறனைப் பக்கவாதத்தால் இழந்த ஒருவர், பிறகு ஆடு வளர்க்கத் தொடங்கி, தம் மந்தையிலுள்ள ஆடுகளை முகம் பார்த்தே பிரித்தறியப் பழகிக்கொண்டதை 1993இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. நினைவாற்றல் பழுதுபட்டவரால் இது முடிந்திருக்காது.

எல்லாவற்றையும் விட வலிதரும் தவறு, அதைத் திமிராகவோ அன்பின்மையாகவோ எடுத்துக்கொள்வது. ஹாலிவுட் நடிகர் பிராட் பிட், தமக்கு முகங்கள் பிடிபடுவதில்லை என்றும், தாம் மதிக்கவில்லை என்று அதனால் பலர் வெறுப்படைகிறார்கள் என்றும் 2013இல் ஒரு பேட்டியில் சொன்னார். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தம்மைப் பற்றிச் சொன்னது இன்னும் வியப்பானது: எதிரே வந்த தாடிக்காரரை இடிக்கப் பார்த்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்ட பிறகுதான், அது கண்ணாடியில் தெரிந்த தம் உருவம் என்பது அவருக்குப் புரிந்ததாம். தன் முகத்தையே அறியாதவர் உங்கள் முகத்தை அறியாததில் உங்களுக்கென்று தனி அவமதிப்பு எதுவும் இல்லை. 1980களில் நடந்த ஆய்வுகளில், மூளைக் காயத்தால் பாதிக்கப்பட்ட சிலருக்கு அவர்களுக்கு நெருக்கமானவர்களின் படங்களைக் காட்டினார்கள். ‘யாரென்று தெரியவில்லை’ என்று வாய் சொன்னபோதும், உள்ளுக்குள் உணர்வு கிளர்வதன் அடையாளமாகத் தோலின் மின்கடத்துத்திறன் மாறியதைக் கருவி காட்டியது. எல்லோரிடமும் இப்படி நிகழ்வதில்லை என்றாலும், அறியாமைக்கும் அன்பின்மைக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சந்திக்கும் இடத்தில் செய்யும் தவறுகள்

நிலையத்தின் வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள். நீங்களும் அவர்களில் ஒருவராக, கையை ஆட்டாமல், ‘பார்த்துவிட்டு வரட்டும்’ என்று புன்னகையோடு காத்திருக்கிறீர்கள். உங்களைத் தேடி வந்தவர் மூன்றடி தொலைவில் உங்களைக் கடந்து, நேற்று நீங்கள் போட்டிருந்த நிறத்தில் சட்டை போட்ட இன்னொருவரை நோக்கி நடக்கிறார். இப்படிப்பட்ட சந்திப்புகளில், கண்டுகொள்ளும் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டுவதே தவறு. எந்த இடத்தில் நிற்கிறேன், என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறேன் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். அவரைக் கண்டதும் நீங்களே அழைத்து, பெயரைச் சொல்லுங்கள். பெயரோடு உறவையும் இடத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரே பெயரில் நான்கு பேரைத் தெரிந்திருக்கும் அவருக்கு, வெறும் பெயர் பாதி விடைதான்.

வழக்கமான இடத்தை விட்டு வேறிடத்தில் பார்க்கும்போதுதான் இவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். அலுவலகத்தில், இந்த மேசையில் இருப்பவர் இவர்தான் என்று இடத்தை வைத்தே அறிந்துகொள்கிறார்கள். அதே மனிதர் கடற்கரையில் நின்றால் அந்த ஆதாரம் கழன்றுவிடுகிறது. முடியைக் குறைத்தாலும், தாடியை மழித்தாலும், கண்ணாடியைக் கழற்றினாலும் அப்படியே. அதற்காக நீங்கள் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டியதில்லை. ‘இன்று முடியை வெட்டிக்கொண்டேன்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். அலுவலகங்களில் இருக்கை வரைபடமும், படிக்கும் அளவில் எழுதப்பட்ட பெயர் அட்டையும், கூட்டத்தில் பேசத் தொடங்குமுன் பெயரைச் சொல்லும் பழக்கமும் செலவில்லாமல் செய்யக்கூடியவை. திரையில் பெயர் தெரியும் காணொலிக் கூட்டங்களை இவர்களில் சிலர் விரும்புவதற்குக் காரணமும் இதுதான்.

குழந்தைகள்

குழந்தைகளிடம் செய்யப்படும் தவறுகளை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்பதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது. பிறரும் தன்னைப் போலவே குரலையும் சட்டையையும் வைத்துத்தான் ஆட்களை அறிகிறார்கள், தான்தான் அதில் மட்டம் என்று அது நினைத்துக்கொள்கிறது. பள்ளி வாசலில் வழக்கமாகப் பின்னலோடு வந்து நிற்கும் அம்மா, ஒரு நாள் கூந்தலை விரித்துக்கொண்டு வந்து நிற்கிறார். குழந்தை அவரைக் கடந்துபோய், சுவரோரம் நின்று, சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. “அம்மா இங்கேதான் இருக்கேன், கண்ணு தெரியலையா?” என்ற குரல் கேட்டதும் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது. அதை விளையாட்டு, கவனக்குறைவு, கூச்சம் என்று கடந்துவிடுகிறோம். கூட்டத்தில் பெற்றோரை ஒரு கணமும் விடாமல் பிடித்துக்கொள்வது, அறியாதவரிடம் தெரிந்தவரைப் போலப் பழகுவது, திரைப்படத்தில் ஆடை மாற்றி வந்த பாத்திரத்தை ‘இது யார்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது, சீருடையணிந்த வகுப்பில் நண்பர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் இருப்பது ஆகியவை சேர்ந்தே காணப்பட்டால், கண் பரிசோதனையோடு நிறுத்தாமல், குழந்தை நரம்பியல் மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ இதைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். கூச்சம் என்று முத்திரை குத்தி, மேடையேற்றித் தைரியம் ஊட்ட முயல்வது வீண்வேலை.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ‘தெரியாதவர்களோடு போகாதே’ என்ற அறிவுரை, தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று பார்த்த அளவில் சொல்ல முடியாத குழந்தைக்குப் பயன்படாது. வீட்டாருக்கும் குழந்தைக்கும் மட்டும் தெரிந்த ஓர் இரகசியச் சொல்லை வைத்துக்கொண்டு, அழைத்துப்போக வருபவர் அதைச் சொன்னால்தான் போக வேண்டும் என்று பழக்குங்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் தாமே செய்யும் தவறுகள்

பலர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகப் புன்னகைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அல்லது யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் கைப்பேசிக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் களைப்பூட்டும் வேலை. பழகத் தொடங்கும்போதே, “எனக்கு முகங்கள் பதிவதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள்” என்று சொல்லிவிடுவது, பத்தாவது சந்திப்பில் மன்னிப்புக் கேட்பதைவிட எளிது. ஆனால் யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். அவரைக் கேட்காமல் நண்பர்களோ உறவினர்களோ ஊரறியச் சொல்வது பெரும் தவறு. ‘நான் உங்கள் பழைய நண்பன்’ என்று வந்து நிற்கும் ஏமாற்றுக்காரருக்கு அது கதவைத் திறந்துவிடும்.

இணையத்தில் நான்கு கேள்விகளுக்கு விடையளித்துவிட்டு, தமக்கு இது இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்டுவதும் கூடாது. 2006இல் வெளியான கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனை போன்றவற்றில், தலைமுடி நீக்கப்பட்ட முகங்களை வெவ்வேறு கோணத்திலும் வெளிச்சத்திலும் காட்டி அளக்கிறார்கள். அதையும் மற்றச் சோதனைகளோடு சேர்த்தே நிபுணர் முடிவு செய்வார். இதுவரை நன்றாக முகங்களை அறிந்துவந்த ஒருவர் திடீரென்று வீட்டாரை அறியாமல் விழித்தால், பக்கவாதமாக இருக்கலாம் என்பதால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இதை முழுமையாகக் குணப்படுத்தும் மருத்துவம் இன்று இல்லை. சில பயிற்சிகள் ஓரளவு பயனளிக்கின்றன. ஆனால் வீட்டில் புகைப்படத் தொகுப்பைக் கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பது ஏமாற்றத்தில்தான் முடியும். அவர் பதியவைப்பது அந்தப் படத்திலுள்ள சட்டையையும் பின்னணியையும் நெற்றியில் விழும் முடியையுமே. அதே மனிதர் நேரில் வந்து நின்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உதவி செய்ய முற்படுவோரும் சில வேளைகளில் அளவு கடந்துவிடுகிறார்கள். கூட்டங்களுக்கு உடன் செல்பவர், எதிரே வருபவரின் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி வரவேற்றால், முகம் அறியாமை உள்ளவர், பிறர் யாருக்கும் தெரியாமல் விடையைப் பெற்றுக்கொள்வார். அது நல்ல உதவி. ஆனால் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், காது கேளாதவரிடம் சொல்வதுபோல உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே இடத்தில் அமர்ந்து பேசும்வரை ஒருமுறை சொன்னதே போதும். எழுந்து வெளியே போய், மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தால் மட்டும் மறுபடியும் சொல்லுங்கள்.